தாயக்கட்டை உருட்டி போடிமெட்டு ஏறலாமா?

கதை சொல்லி ஆடும் பகடை விளையாட்டில் உடம்பின் திறமைக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஏலமலைச் சரிவு சொல்லித்தரும் ஐந்து விதிகள்.

லீவு விட்டால் சில வீடுகளில் இப்போது ஒரு புது விளையாட்டு நடக்கிறது. நாலைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில், நடுவில் விதவிதமான பகடைகள். ஒருவர் கதை சொல்வார். "இருட்டப் போகுது. எதிரே செங்குத்துப் பாறை. என்ன பண்ணப் போறீங்க?" "நான் ஏறுறேன்" என்பான் ஒருவன். "அப்ப பகடையைப் போடு." இருபது முகப் பகடை உருளும். விழுவது 1. "வழுக்கிடுச்சு, கீழே விழுந்துட்டே!" வீடே சிரிக்கும்.

இதற்கு ரோல்பிளேயிங் கேம் என்று பெயர். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இந்த வகையின் தாய். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறுவார்கள். பேசுவது, யோசிப்பது எல்லாம் ஆடுபவரின் வாயாலும் மூளையாலும் நடந்துவிடும். ஓடுவது, ஏறுவது, தூக்குவது, தாண்டுவது ஆகியவற்றைக் கூடத்தில் உட்கார்ந்தபடி செய்ய முடியாது. அதற்குத்தான் பகடையும் விதிகளும்.

ஐம்பது ஆண்டுகளாக இந்த ஆட்டக்காரர்களிடம் ஓயாமல் நடக்கும் சண்டை, அந்த விதிகள் நிஜம் மாதிரி இருக்கின்றனவா என்பதுதான். இதற்குத் தீர்ப்பு சொல்ல நல்ல இடம் ஒன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

பதினேழு வளைவுகளின் பாடம்

போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தலில் மலைப்பாதை தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். புலியூத்தைக் கடந்து வளைந்து வளைந்து ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் ஆரம்பிக்கிறது. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் ஆயிரம் மீட்டர்.

ஏலக்காய் சீசனில் விடிவதற்கு முன்பே போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிவிடும். நிறைய பெண்கள். மெட்டைத் தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களில் இறங்கி, நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே வளைவுகளில் வீடு திரும்புகிறார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் பிடிப்பது தூரடியில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில். அதனால் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் இருக்கும், பக்குவமான காயும் இருக்கும். பிஞ்சை விட்டுவிட்டுக் காயை மட்டும் எடுக்கக் கண்ணும் விரலும் பழகியிருக்க வேண்டும். காலடியில் ஈர மண், இலைச்சருகு, மழை பெய்தால் அட்டை. இடுப்பில் நிறைந்துகொண்டே வரும் சுமை.

இந்த அக்காக்களில் ஒருவரை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து 'தோட்டத்து அக்கா' என்று பெயர் வைப்போம். கூடவே நகரத்திலிருந்து வந்த ஒரு 'ஜிம் தம்பி'. அகன்ற தோள், புது ஷூ, ஆசைக்கு ஒரு முதுகுப்பை.

கதை இதுதான்: பெருமழையில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. மேலே ஒரு குடியிருப்பில் ஒருவருக்கு அவசரமாக மருந்து வேண்டும். இருட்டுவதற்குள் ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யாரை அனுப்புவீர்கள்?

போடிக்காரர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஆனால் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விதிப்படி மலையேற்றம் 'பலம்' என்ற எண்ணைச் சார்ந்தது. தோள் அகன்ற தம்பிக்கே முன்னுரிமை கிடைக்கும். விதி எங்கே தடம் புரள்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

முதல் விதி: பழகிய வேலைக்குப் பகடை வேண்டாம்

இருபது முகப் பகடையில் 1 விழ 20-ல் ஒரு வாய்ப்பு. 1 விழுந்தால் எத்தனை திறமை இருந்தாலும் தோல்விதான் என்று பலர் ஆடுகிறார்கள். சண்டையில் வாள் வீசுவதற்கு எழுதிய விதியை எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்ட பழக்கம் அது. தோட்டத்து அக்கா ஒரு நாளில் 20 தடவை சரிவில் ஏறி இறங்குகிறார் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் பகடை போட்டால், அன்றைக்கு ஒரு தடவையாவது விழும் வாய்ப்பு 100-க்கு 64. அப்படி ஒரு தோட்டம் இருந்தால் ஒரு வாரத்தில் மூடிவிடுவார்கள்.

1978-ல் வந்த விதிப் புத்தகத்தில், அப்போதுதான் தொழிலுக்கு வரும் 'திருடன்' பாத்திரத்துக்குச் சுவர் ஏறும் திறமை 85 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஏழு சுவர் ஏறினால் ஒன்றில் தவறுகிற திருடன் எத்தனை நாள் தொழில் செய்வான்?

இந்தக் குறை விதி எழுதியவர்களுக்கும் தெரிந்தது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒரு சலுகை தந்தார்கள். ஆபத்தோ அவசரமோ இல்லாத நேரத்தில் பகடையே போடாமல் 10 விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். நல்ல விதி. நம் மலைக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம்: தினமும் செய்கிற வேலையை, தினமும் செய்கிற இடத்தில், வழக்கமான நேரத்தில் செய்தால் பகடைக்கு வேலை இல்லை. மழை, இருட்டு, அவசரம், காயம் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் உருட்ட வேண்டும்.

இரண்டாம் விதி: இருபது முகத்தைவிடத் தாயக்கட்டை மேல்

இருபது முகப் பகடையில் 1 விழுவதும் 10 விழுவதும் 20 விழுவதும் சம வாய்ப்பு. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. நேற்று ஒரு மணி நேரத்தில் ஏறிய பாதையை இன்று ஏறினால் ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். ஒருநாள் கால் மணி நேரம், மறுநாள் நாலு மணி நேரம் என்று ஆகாது.

அதனால்தான் 1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' என்ற ஆட்டத்தில் மூன்று சாதாரணப் பகடைகளைச் சேர்த்து உருட்டச் சொன்னார்கள். கூட்டினால் 10, 11 அடிக்கடி வரும். 3-ம் 18-ம் அபூர்வம்.

இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பாட்டி வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளைத் தாயக்கட்டை போதும். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 1, 2, 3 புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் 3 வர நாலு வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று வழி. தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி.

பதினாறில் பத்து தடவை 2, 3, 4-க்குள்ளேயே விழும். பழகிய உடம்பும் அப்படித்தான், பெரும்பாலும் நடுவில் நிற்கும். எப்போதாவது விழும் பன்னிரண்டு, மலையே கை கொடுத்துத் தூக்கிவிட்ட கணம்.

மூன்றாம் விதி: பலத்துக்கு முன்னால் பழக்கம்

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக் கிராமத்துப் பெண்கள் தலையில் சுமை தூக்கி நடப்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து, 1986-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தாலும், வெறும் கையோடு நடப்பதைவிட அதிக சக்தி அவர்களுக்குச் செலவாகவில்லை. 2005-ல் 'சயின்ஸ்' இதழில் நேபாளத்துச் சுமைதூக்கிகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். மெதுவாக நடப்பது, அடிக்கடி நின்று மூச்சு வாங்குவது, மறுபடி நடப்பது, இதுதான் அவர்கள் முறை. ஒரே சுமைக்கு, முதுகுப்பையோடு நடந்த ஐரோப்பியரைவிட அவர்களுக்குச் செலவான சக்தி குறைவு.

இரண்டு ஆய்விலும் சுமந்தவர்கள் பயில்வான்கள் கிடையாது. சின்ன வயதிலிருந்து அதே வேலையில் வளர்ந்தவர்கள். அதனால் நம் ஆட்டத்தில் 'பலம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'பழக்கம்' என்று ஒரு கட்டம் போடுவோம். மலைக்குப் புதியவருக்கு 0. எப்போதாவது வருபவருக்கு 1. மலையில் வளர்ந்தவருக்கு 2. மலையிலேயே பிழைப்பவருக்கு 3. பலம் எதற்கு? மரத்தைப் புரட்ட, ஜீப்பைத் தள்ள, ஒரே மூச்சில் செய்யும் வேலைக்கு. அதில் ஜிம் தம்பி ஜெயிக்கட்டும், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

பழக்கம் எப்படி ஏறும் என்பதற்கு 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' ஆட்டத்தில் அழகான வழி இருக்கிறது. ஒரு திறமையை நெருக்கடியில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் தாளில் ஒரு குறி. கதை முடிந்ததும் மறுபடி உருட்ட வேண்டும். இப்போதுள்ள திறமை எண்ணைவிட அதிகம் விழுந்தால்தான் ஏறும். தெரியாதவர் சீக்கிரம் கற்கிறார், தெரிந்தவர் மெதுவாகத்தான் ஏறுகிறார். சைக்கிள் கற்றவர்கள், தோசை சுடக் கற்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

நான்காம் விதி: தோற்றால் விழ வேண்டாம், விலை கொடுக்கட்டும்

மலையில் பெரும்பாலான தோல்வி விழுவதில்லை. மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்துவிடுகிறோம். தண்ணீர் தீர்கிறது. நேரம் போகிறது. அதனால் நம் ஆட்டத்தில் எண் போதாவிட்டால், 'விழுந்தாய்' என்று சொல்லக் கூடாது. 'ஏறிட்டே, ஆனா அசதி ஒண்ணு கூடிடுச்சு' என்று சொல்ல வேண்டும். அல்லது அரை மணி நேரம் போய்விட்டது. எது வேண்டும் என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்கட்டும். அசதி மூன்றைத் தொட்ட பிறகு எண் போதாமல் போனால்தான் விழுவது, சுளுக்குவது எல்லாம்.

கணக்கு எளிது. தாயக்கட்டை எண், கூட்டல் பழக்கம், கழித்தல் அசதி. வந்த எண் பாதையின் கடினத்தைத் தொட வேண்டும். நல்ல ஒற்றையடிப் பாதைக்கு 3, ஈரச் சரிவுக்கு 5, வழுக்குப் பாறைக்கு 7.

ஈரச் சரிவில் இருவரையும் ஏற்றிப் பார்ப்போம். அசதி இல்லாத ஜிம் தம்பிக்கு 5, 6, 12 இவற்றில் ஒன்று விழ வேண்டும். பதினாறில் நாலு வாய்ப்பு. அசதி இரண்டு ஏறிவிட்டால் பன்னிரண்டு ஒன்றுதான் கதி. தோட்டத்து அக்காவுக்குத் தாயம் தவிர எது விழுந்தாலும் போதும், பதினாறில் பதினாலு. ஆனால் அவருக்கும் அசதி இரண்டு ஏறினால் பதினாறில் ஏழுதான். பழகியவரும் களைப்பார். இதையும் விதி சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் உழைப்பவரை இரும்பு என்று நினைத்துக்கொள்வோம். இரும்பு என்று நினைத்துவிட்டால் ஓய்வு கொடுக்கத் தோன்றாது.

ஓய்வுக்கும் விலை உண்டு. பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் ஒரு அசதி இறங்கும், ஆனால் பத்து நிமிடம் போய்விடும். மருந்தோ இருட்டுவதற்குள் போய்ச்சேர வேண்டும். ஆட்டத்தின் பரபரப்பு இனி பகடையில் இருக்காது. 'உட்காரலாமா, நடக்கலாமா' என்ற இந்தக் கேள்வியில்தான் இருக்கும்.

ஐந்தாம் விதி: ஏற்றம், இறக்கம், சுமை மூன்றுக்கும் தனிக் கணக்கு

1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு வழி சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஆயிரம் மீட்டர் ஏற வேண்டுமென்றால் நடக்கும் தூரத்துக்கான நேரம் போக, உயரத்துக்கு மட்டும் ஒரு மணி நாற்பது நிமிடம். செல்போன் வரைபடத்தில் கோடு குட்டியாகத் தெரிகிறதே என்று கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கதை நடத்துபவர் இந்த ஒரு கணக்கை வைத்திருந்தால் போதும், பாதி ஆட்டம் நிஜமாகிவிடும்.

இறங்குவது சுலபம் என்ற நினைப்பும் தவறு. மூச்சு வாங்காது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தை முன்தொடை பிரேக் போட்டுத் தாங்குகிறது. தொடை நடுங்க ஆரம்பிப்பதும், மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிப்பதும் அதனால்தான். ஏறும்போது சேர்ந்த அசதியோடு இறங்கும்போது கடினத்தில் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

சுமைக்கு: பழகிய அளவைத் தாண்டினால் ஒரு அசதியோடு ஆரம்பம். பழைய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தில் சுமையைத் தங்கக் காசுக் கணக்கில் எழுதுவார்கள். பத்து காசு ஒரு பவுண்டு எடை. அத்தனை கணக்கு நமக்கு வேண்டாம். ஆனால் சுமையை மறந்து ஆடக் கூடாது. இந்த மலையின் சரித்திரமே சுமையின் சரித்திரம்தான். மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறக்க வெள்ளைக்காரர்கள் ரோப்வே கட்டினார்கள். தேர்தல் வந்தால் ரோடு இல்லாத மலைக் கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போகிறது. ஆள் தூக்கிப் போவதன் விலை என்ன என்று மலைக்குத் தெரியும்.

விதி ஏன் நிஜமாக இருக்க வேண்டும்?

விளையாட்டுதானே, எதற்கு இவ்வளவு கணக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் நிஜமாக்கினால் ஆட்டம் வருமான வரிப் படிவம் மாதிரி ஆகிவிடும். ஐந்துக்கு மேல் விதி வேண்டாம்.

ஆனால் அந்த ஐந்தும் வேண்டும். இதே மலையில், குரங்கணியில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தை யாரும் ஆட்டமாக்க வேண்டாம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தீ, சமதரையைவிட மேல்நோக்கிய சரிவில் வேகமாக ஏறும். மனிதன் சரிவில் மெதுவாகத்தான் ஏறுவான். சினிமாவில் கதாநாயகன் தீக்கு முன்னால் மலை ஏறி ஓடுவான். கூடத்தில் ஆடும் பிள்ளையும் 'நான் மேலே ஓடுறேன்' என்று சொல்லிவிட்டு 20 விழுந்தால் தப்பித்துவிடுவான். மலையில் அந்த 20 கிடையாது. 'ஓட முடியாது, இப்ப அசதி ரெண்டு' என்று தாயக்கட்டை ஒரு தடவை சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை வளர்ந்து நிஜ மலைக்குப் போகும்போது தண்ணீரும் நேரமும் எடுத்துக்கொண்டு, வழி தெரிந்தவர் பேச்சைக் கேட்டுப் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மூன்றாம் பதிப்பில் கதை நடத்துபவரின் கையில் இருக்கும் சாதாரணக் குடிமக்களுக்கு 'காமனர்' என்று ஒரு வகை. எல்லா வகையிலும் பலவீனமானது அதுதான். வீரன், மந்திரவாதி, திருடன் எல்லோருக்கும் திறமைப் பட்டியல் நீளமாக இருக்கும். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்பவருக்கு இரண்டு வரி. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? கூலி அட்டவணையில் 'திறன் சாராத வேலை' என்று ஒரு பிரிவு இருக்கிறது. உடம்பால் செய்யும் வேலை என்றாலே அந்தப் பிரிவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஈரச் சரிவில் குத்தவைத்து, பிஞ்சை விட்டுக் காயை மட்டும் எடுத்து, மூட்டையோடு மேடேறி, மறுநாளும் அதே உடம்போடு ஜீப் ஏறுவது திறன் இல்லையென்றால் வேறு எது திறன்?

போடி ஏல மையத்தில் காய் தரம் பார்த்து விலை போகிறது. பருமன், நிறம், பக்குவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. அந்தப் பக்குவத்தைச் செடியடியில் பார்த்து எடுத்த விரலுக்கும் ஒரு எண் கொடுக்க நம் விளையாட்டுத் தாளிலாவது இடம் இருக்கட்டும்.

இந்த லீவில் ஆடிப் பாருங்கள். இரண்டு தாயக்கட்டை, ஒரு தாள், நாலு பேர் போதும். கதை மேலே இருக்கிறது. மருந்து இருட்டுவதற்குள் போய்ச்சேர வேண்டும். பாத்திரம் எழுதும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். 'சின்ன வயசுல எவ்வளவு தூரம் நடந்தீங்க, எவ்வளவு தூக்கினீங்க?' என்று கேட்டு, அவர்கள் சொல்வதை வைத்தே பழக்கத்தின் எண்ணைப் போடுங்கள். பாட்டி 3 வாங்கி, பேரன் 0 வாங்கினால் கோபப்படக் கூடாது. தாயத்தில் பாட்டியை ஜெயிப்பது எப்போதுமே கஷ்டம்தானே!